ஓடிக்கொண்டிருக்கும் சர்வரில் டிஸ்க் மிரரிங்: பழைய டிஸ்க்கைக் கடைசியில்தான் தொட வேண்டும்

கானாடுகாத்தானில் ஒரு பெரிய வீட்டின் சர்வரை நான் பார்த்துக்கொள்கிறேன். அந்தக் குடும்பம் பர்மாவிலும் மலேயாவிலும் கொடுக்கல் வாங்கல் செய்த காலத்துப் பேரேடுகளும் கடிதங்களும் ஸ்கேன் செய்யப்பட்டு அதில்தான் இருக்கின்றன. சில ஏடுகளைக் கரையான் முடித்துவிட்டது, ஸ்கேன் மட்டுமே மிச்சம். எல்லாம் ஒற்றை டிஸ்க்கில். "தம்பி, இது ரெண்டு டிஸ்க்லயும் இருக்கணும், ஆனா ஸ்கேன் வேலை நிக்கக் கூடாது" என்றார் ஆச்சி. எழுதுவதெல்லாம் ஒரே நேரத்தில் இரண்டு டிஸ்க்கிலும் விழும்படி செய்வதுதான் மிரரிங். மதியச் சாப்பாட்டு நேரத்தில் ஒரே ஒரு ரீபூட், அதற்கு மட்டும் அனுமதி வாங்கினேன்.

அந்த சர்வரில் டெபியன் லினக்ஸ், பழைய பயாஸ் முறையில் பூட் ஆகும் போர்டு. கீழே சொல்வது அதற்கானது. புதிய யுஇஎஃப்ஐ முறை போர்டு என்றால், பூட் கோப்புகள் இருக்கும் இஎஃப்ஐ பார்ட்டிஷனை மிரருக்கு வெளியே வைத்து, இரண்டு டிஸ்க்கிலும் தனித்தனியாக நகல் வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் பேக்கப். மிரர் பேக்கப் ஆகாது. ஒரு ஃபோல்டரை அழித்தால் இரண்டு டிஸ்க்கிலும் அதே நொடியில் அழியும். வெளி டிஸ்க் ஒன்றில் முழு நகல் எடுத்து, அதிலிருந்து நாலு கோப்பைத் திறந்து பார்த்த பிறகே ஸ்க்ரூடிரைவரை எடுங்கள்.

அப்புறம் டிஸ்க்குகளின் சீரியல் நம்பரைப் பாருங்கள். லினக்ஸ் டிஸ்க்குகளுக்கு வைக்கும் எஸ்டிஏ, எஸ்டிபி என்ற பெயர்கள் ரீபூட்டில் இடம் மாறலாம், சீரியல் நம்பர் மாறாது. வெள்ளை டேப்பில் "பழசு", "புதுசு" என்று நம்பரோடு எழுதி டிஸ்க் மேலேயே ஒட்டிவிடுவேன்.

பழைய டிஸ்க்கின் பார்ட்டிஷன் அமைப்பை (டிஸ்க் எப்படிப் பிரிக்கப்பட்டிருக்கிறது என்பதை) எஸ்எஃப்டிஸ்க் கட்டளை மூலம் புதியதில் அப்படியே இறக்கி, வகையை லினக்ஸ் ரெய்டு என்று மாற்றுங்கள். அடுத்து லினக்ஸின் ரெய்டு கருவியான எம்டிஆட்மினில் ரெய்டு 1, அதாவது மிரர், உருவாக்குங்கள். உறுப்பினர்கள் 2 என்று சொல்லி, முதல் இடத்தில் டிஸ்க்கின் பெயருக்குப் பதில் "மிஸ்ஸிங்" என்று கொடுங்கள், இரண்டாவதாகப் புதிய டிஸ்க்கின் பார்ட்டிஷன். முழு உத்தியும் இந்த ஒரு சொல்லில்தான் இருக்கிறது. பாதி ஆள் இல்லாமலே மிரர் பிறந்துவிடும், பழைய டிஸ்க் எதுவும் நடக்காதது போல ஓடிக்கொண்டிருக்கும். மிரரின் நிலையைக் காட்டும் எம்டிஸ்டாட்டைத் திறந்தால் அடைப்புக்குள் ஒரு அடிக்கோடும் ஒரு "யு"வும் தெரியும். அடிக்கோடுதான் காலி இடம். மெமரி போதாதபோது பயன்படும் டிஸ்க் இடமான ஸ்வாப்பையும் இப்படியே மிரர் செய்யுங்கள். இல்லாவிட்டால் டிஸ்க் சாகும்போது ஓடும் புரோகிராம்களும் சேர்ந்து விழும்.

மிரரில் ஈஎக்ஸ்டி4 ஃபைல்சிஸ்டம் போட்டு, ஆர்சிங்க் என்ற நகல் கருவியில் எல்லாவற்றையும் நகலெடுங்கள். உரிமைகளும் ஹார்ட் லிங்க்குகளும் மாறாமல் வர வேண்டும். முதல் நகல் எவ்வளவு நேரம் எடுத்தாலும் கவலையில்லை, ஸ்கேன் வேலை பாட்டுக்கு நடக்கட்டும். சாப்பாட்டு நேரம் வந்ததும் டேட்டாபேஸ், கோப்புகளைப் பகிரும் சாம்பா எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு இன்னொரு முறை ஆர்சிங்க் ஓட்டுங்கள். மாறியது மட்டும் வரும், சீக்கிரம் முடிந்துவிடும்.

இப்போது சிஹெச்ரூட் கட்டளையால், மிரரையே சிஸ்டமாக வைத்து அதற்குள் போங்கள். செய்ய வேண்டியவை: எஃப்எஸ்டேப்பில் (எதை எங்கே மவுன்ட் செய்வது என்ற பட்டியல்) புதிய யுயுஐடி (ஃபைல்சிஸ்டத்தின் அடையாள எண்), எம்டிஆட்மின் கான்ஃபிக் கோப்பில் மிரரின் விவரம், பூட் தொடக்கத்தில் ஏறும் இனிட்ராம்எஃப்எஸ்ஸைப் புதுப்பித்தல், புதிய டிஸ்க்கில் பூட் செய்யும் க்ரப், க்ரப் மெனு புதுப்பித்தல். பிறகு பயாஸில் புதிய டிஸ்க்கை முதலில் வைத்து ரீபூட்.

இங்கே அவசரப்படக் கூடாது. சர்வர் எழுந்துவிட்டது என்பது போதாது, ரூட் ஃபைல்சிஸ்டம் எம்டி0-வில், அதாவது மிரரில், இருக்கிறதா என்று டிஎஃப் கட்டளை போட்டுப் பாருங்கள். பழைய டிஸ்க்கிலிருந்தே எழுந்திருந்தால் புதிய ஸ்கேன்கள் அதில் விழும், நகல் பின்தங்கிவிடும். நான் ஒரு முழு நாள் இப்படியே ஓடவிட்டு, ஆச்சி பழைய கடிதங்களைத் திறந்து பார்த்து "சரி" என்று சொன்ன பிறகே அடுத்த படிக்குப் போனேன். அதுவரை ஏதாவது கோணலானால் பழைய டிஸ்க் அப்படியே இருக்கிறது, பயாஸில் மாற்றினால் போதும்.

அதற்குப் பிறகு பழைய டிஸ்க்கின் பார்ட்டிஷன் வகையையும் மாற்றி, மிரரில் சேர்த்துவிடுங்கள். சேர்த்த நொடியிலேயே அதிலிருக்கும் பழைய தரவு மேலெழுதப்படத் தொடங்கும், சீரியல் நம்பரை மறுபடி பாருங்கள். நொடிக்கு 150 எம்பி வேகம் கிடைத்தால் 1 டிபிக்கு இரண்டு மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவு. ஆட்கள் வேலை பார்த்துக்கொண்டிருந்தால் இன்னும் இழுக்கும். அடிக்கோடு போய் இரண்டு "யு" வந்ததும் பழைய டிஸ்க்கிலும் க்ரப் போடுங்கள். அதில் இருக்கும் க்ரப் பழைய ஃபைல்சிஸ்டத்தைத்தான் தேடும், அது இனி இல்லை. இதைப் பலர் விட்டுவிடுகிறார்கள், புது டிஸ்க் சாகும் நாளில்தான் தெரியும்.

எம்டிஆட்மின் கான்ஃபிக்கில் உங்கள் மெயில் முகவரியைக் கொடுத்து, சோதனை மெயில் அனுப்பி, அது கைக்கு வந்து சேர்கிறதா பாருங்கள். டிஸ்க் ஒன்று போனாலும் சர்வர் ஓடிக்கொண்டே இருக்கும், மெயில் வராவிட்டால் யாருக்கும் தெரியாது. டெபியன் மாதத்தின் முதல் ஞாயிறன்று மிரர் முழுவதையும் படித்துச் சரிபார்க்கும். சனிக்கிழமை நள்ளிரவு தாண்டித் தொடங்கும் அந்த வேலைக்காக, அன்று இரவு யுபிஎஸ்ஸை அணைக்க வேண்டாம் என்று காவல்காரரிடம் சொல்லி வைத்திருக்கிறேன்.