முதல்முறை கொல்லிமலை: காட்டையும் பட்டிகளையும் நிதானமாகப் பார்த்து வருவது எப்படி

கொல்லிமலை என்றதும் பலருக்கு நினைவுக்கு வருவது 70 கொண்டை ஊசி வளைவுகளும் ஆகாய கங்கை அருவியும்தான். காலையில் ஏறுகிறார்கள், அருவியில் குளிக்கிறார்கள், பொழுது சாய்வதற்குள் இறங்கிவிடுகிறார்கள். அப்படிப் போய் வந்தால் மலையில் பாதியைக்கூடப் பார்த்ததாகாது.

நாமக்கல் மாவட்டத்தில், கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,000 முதல் 1,300 மீட்டர் உயரத்தில் இருக்கிறது இந்த மலை. மேலே ஏறிவிட்டால் மேடும் பள்ளமுமாகப் பரந்த நிலம். காடு, காட்டை ஒட்டி வயல், வயலோரம் கொஞ்சம் வீடுகள் சேர்ந்த ஒரு பட்டி, பட்டிக்குப் பின்னால் மறுபடியும் காடு. தலைமுறை தலைமுறையாக மனிதர்கள் வாழ்ந்து வருகிற காடு இது. அதனால் பட்டிகளின் வழியாகக் காட்டுக்குள் போங்கள், நடந்து போங்கள் என்பேன். அதற்கு இரண்டு பகலும் ஓர் இரவும் வேண்டும்.

1. எந்த மாதம் என்று முடிவு செய்யுங்கள்

முதல்முறை போகிறவர்களுக்கு டிசம்பர் கடைசி முதல் பிப்ரவரி வரை நல்ல காலம். மழை முடிந்து காடு பசேலென்று இருக்கும், அருவியில் தண்ணீரும் இருக்கும். காபிப் பழம் பறிப்பு முடிகிற நேரம், மிளகு பறிப்பு தொடங்குகிற நேரம். காலையில் நல்ல குளிர். பலாப்பழத்துக்காகவே போகிறவர்கள் மே, ஜூனில் போகலாம். அக்டோபர், நவம்பரில் மழை வலுத்தால் அருவிக்குப் போக விடமாட்டார்கள், மலைப்பாதையில் மண்ணும் சரியும்.

ஆடிப் பதினெட்டை ஒட்டி ஆகஸ்ட் தொடக்கத்தில் வல்வில் ஓரி விழா நடக்கும். இந்த மலையை ஆண்ட ஓரி கடையெழு வள்ளல்களில் ஒருவன். விழா பார்க்க வேண்டியதுதான், ஆனால் காடு பார்க்க அந்த நாட்கள் ஆகாது. சாலை முழுக்க வண்டியாக இருக்கும்.

2. மலைக்கு வந்து சேருங்கள்

நாமக்கல்லிலிருந்து சேந்தமங்கலம், காளப்பநாயக்கன்பட்டி வழியாக அடிவாரமான காரவள்ளிக்கு வரலாம். 70 வளைவுகளும் அங்கிருந்துதான் தொடங்குகின்றன. மலைமேல் முக்கிய ஊர் செம்மேடு. நாமக்கல்லிலிருந்து அதுவரை சுமார் 55 கிலோமீட்டர். ராசிபுரம் பக்கமிருந்து முள்ளுக்குறிச்சி வழியாக இன்னொரு பாதை உண்டு, அதில் வளைவுகள் குறைவு. நாமக்கல், சேலத்திலிருந்து அரசுப் பேருந்துகள் ஓடுகின்றன.

என்னைக் கேட்டால் பேருந்துதான். ஓட்டுநர்கள் தினமும் ஏறி இறங்கிப் பழகியவர்கள், நீங்கள் ஜன்னலோரம் உட்கார்ந்து காட்டைப் பார்த்துக்கொண்டு வரலாம். தலைசுற்றல் வருகிறவர்கள் முன்பக்கம் உட்காருங்கள். புறப்படும் முன் வயிறு முட்டச் சாப்பிட வேண்டாம். இரண்டு இட்லி போதும், கையில் ஓர் எலுமிச்சம்பழம் வைத்துக்கொள்ளுங்கள்.

சொந்த வண்டி என்றால் பெட்ரோலைக் கீழேயே நிரப்பிவிடுங்கள். ஏறி வருகிற வண்டிக்குத்தான் முதலில் வழிவிட வேண்டும். ஒவ்வொரு வளைவிலும் ஹாரன் அடியுங்கள். இறங்கும்போது நியூட்ரலில் விடவே கூடாது, இரண்டாவது கியரில் இறங்குங்கள். பிரேக்கை மட்டுமே நம்பி இறங்கினால் பாதி வழியிலேயே அது சூடேறிப் பிடிக்காமல் போகும். இருட்டிய பின் ஏறவும் வேண்டாம், இறங்கவும் வேண்டாம்.

3. ஏறும்போதே காட்டைப் படியுங்கள்

வளைவுகளுக்கு எண் போட்ட பலகை வைத்திருக்கிறார்கள். எல்லாரும் அதைப் படம் எடுப்பார்கள். நீங்கள் எண்ணோடு சேர்த்து மரத்தையும் பாருங்கள். அடிவாரத்தில் முட்செடிகள், காய்ந்த புதர்கள், வெயில். கொஞ்சம் ஏறியதும் உயரமான மரங்கள் வரும். இவை கோடையில் இலை கொட்டுகிறவை. பிப்ரவரி, மார்ச்சில் போனால் மொட்டையாக நிற்பதைப் பார்க்கலாம். மேலே போகப் போகக் காற்று மாறும், இலையின் நிறம் அடர்ந்துகொண்டே வரும். உச்சியை நெருங்கும்போது ஓடைக்கரைகளில் எப்போதும் பச்சையாக இருக்கிற மரங்கள் நெருங்கி நிற்கும். ஒரு மணி நேரப் பயணத்தில் மூன்று விதக் காட்டைத் தாண்டிவிடுகிறோம்.

மேலே, நேராக வளர்ந்து, இலையின் அடிப்பக்கம் வெள்ளி போல மின்னுகிற மரங்களை நிறையப் பார்ப்பீர்கள். அது சில்வர் ஓக். ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த மரம், மிளகுக்கொடி படரவும் காபிக்கு நிழல் தரவும் நட்டது. அது நிற்கிற இடம் காடு போலத் தெரிந்தாலும் யாரோ ஒருவரின் தோட்டம். கேட்காமல் உள்ளே போகக் கூடாது.

வளைவுகளில் குரங்குகள் கூட்டமாக உட்கார்ந்திருக்கும். எதுவும் கொடுக்காதீர்கள். சிப்ஸ் பாக்கெட்டுக்குப் பழகிய குரங்கு சாலையை விட்டு நகராது, வண்டியில் அடிபட்டுச் சாகும்.

4. தங்குமிடமும் பையும்

செம்மேட்டிலும், மலைமேல் சந்தை கூடுகிற ஊரான சோளக்காட்டிலும் சின்ன விடுதிகள் உண்டு. வார நாளில் போனால் கூட்டமும் குறைவு, வாடகையும் குறைவு. சனி, ஞாயிறு என்றால் முன்கூட்டியே பேசிவிட்டுப் போங்கள்.

பையில் ஸ்வெட்டர் ஒன்று, பிடிமானமுள்ள ஷூ, தோளில் போட்டு நடக்க ஒரு துணிப்பை, ஸ்டீல் தண்ணீர் பாட்டில், டார்ச். ரொக்கமாகப் பணம், அதுவும் பத்து இருபது ரூபாய் நோட்டுகளாக. உட்பட்டிகளில் சிக்னல் கிடைக்காத இடங்கள் உண்டு, போன் வழியாகப் பணம் கொடுத்துவிடலாம் என்று நம்பிப் போகாதீர்கள். ஒருமுறை பயன்படுத்தித் தூக்கியெறிகிற பிளாஸ்டிக்கை 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாடு முழுக்கத் தடை செய்திருக்கிறார்கள். மலையில் அதை ஒழுங்காகக் கடைப்பிடியுங்கள்.

5. ஒரு பட்டிக்கு நடந்து போங்கள்

இந்தப் பயணத்தின் முக்கியமான கட்டம் இதுதான், அவசரப்படாதீர்கள்.

இந்த மலையில் வாழ்கிறவர்களில் பெரும்பாலோர் மலையாளிப் பழங்குடியினர். பெயரைப் பார்த்துக் கேரளம் என்று நினைத்துவிட வேண்டாம், மலையில் வாழ்கிறவர்கள் என்பதால் வந்த பெயர், பேசுவது தமிழ். முன்னோர்கள் காஞ்சிபுரத்திலிருந்து வந்தவர்கள் என்பது அவர்கள் வழிவழியாகச் சொல்லி வரும் கதை. மலை முழுவதும் வாழவந்தி நாடு, வளப்பூர் நாடு, தின்னனூர் நாடு, சேளூர் நாடு என்று நாடுகளாகப் பிரிந்திருக்கிறது. ஒவ்வொரு நாட்டுக்குள்ளும் பல பட்டிகள்.

காலை ஏழு மணிக்குச் செம்மேட்டில் டீ குடித்துவிட்டு, டீக்கடைக்காரரிடமே கேளுங்கள்: "அண்ணா, பக்கத்துல நடந்து போய்ப் பார்க்கிற மாதிரி பட்டி எதுங்க?" வழி சொல்வார், தெரிந்த ஆள் பெயரும் சொல்வார். அந்தப் பெயர் கையில் இருந்தால் பாதி வேலை முடிந்தது. பட்டிக்குள் நுழைந்ததும் திண்ணையில் இருக்கிற பெரியவரிடம் வணக்கம் சொல்லி, எங்கிருந்து வருகிறீர்கள், எதற்கு வந்தீர்கள் என்று நீங்களே சொல்லிவிடுங்கள். பட்டியின் தலைவரான ஊர்க்கவுண்டர் யார் என்று கேட்டு அவரிடமும் ஒரு வார்த்தை சொல்வது மரியாதை. கேமராவை அதற்கு அப்புறம் எடுங்கள். "அக்கா, ஒரு போட்டோ எடுத்துக்கலாங்களா?" என்று கேட்டு, வேண்டாம் என்றால் சரி என்று விட்டுவிடுங்கள். குழந்தைகளுக்கு மிட்டாய் விநியோகம் செய்வது எனக்குப் பிடிக்காத பழக்கம். கை நீட்டக் கற்றுக்கொடுப்பதைத் தவிர அதில் ஒன்றும் இல்லை.

வயலைப் பாருங்கள். பள்ளத்தில் நெல், சரிவில் மரவள்ளி. ஒரு காலத்தில் அந்தச் சரிவெல்லாம் சாமையும் தினையும் கேழ்வரகுமாக இருந்தது. சமவெளியில் ஜவ்வரிசி ஆலைகள் பெருகி மரவள்ளிக் கிழங்குக்குக் கையோடு காசு கிடைக்க ஆரம்பித்ததும் சிறுதானியம் சுருங்கிவிட்டது. சாமையில் மட்டும் மல்லியச்சாமை, பெருஞ்சாமை, கட்டவெட்டிச்சாமை, திரிகுலச்சாமை, சடஞ்சாமை என்று பல ரகம் இங்கே உண்டு. இது சீக்கிரம் விளையும், இது வறட்சி தாங்கும் என்று வயதானவர்களுக்கு ஒவ்வொன்றின் குணமும் அத்துப்படி. எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் இங்கே 1990களிலிருந்து இந்த ரகங்களைக் காப்பாற்ற வேலை செய்து வருகிறது. உரலில் குத்தி உமி நீக்குகிற பாடுதான் சாமையைக் கைவிட ஒரு பெரிய காரணம் என்று கண்டு, பட்டிகளில் சின்ன அரவை இயந்திரங்கள் வைத்தார்கள். பெண்கள் குழுக்கள் அவற்றை நடத்தின. எனக்கு இதில் பிடித்தது, விதையைப் பெட்டியில் பூட்டி வைக்காமல், மறுபடி அடுப்பில் ஏற வழி பார்த்தார்கள் என்பதுதான்.

ஜனவரி, பிப்ரவரியில் போனால் மிளகு பறிப்பை நின்று பாருங்கள். மரத்தில் சாய்த்த மூங்கில் ஏணி, இடுப்பிலோ தோளிலோ ஒரு பை. சரத்தில் ஒன்றிரண்டு மணி பழுத்துச் சிவந்ததும் முழுச் சரத்தையும் கிள்ளிப் பைக்குள் போட்டுக்கொண்டே மேலே போவார்கள். கீழே களத்தில் சரத்தை மிதித்து மணியை உதிர்த்து வெயிலில் பரப்புவார்கள். முதல் நாள் பச்சையாக உருண்டு கிடக்கும் மணி, தோல் சுருங்கிச் சுருங்கி, சில நாளில் நமக்குத் தெரிந்த கறுப்பு மிளகாகிவிடும். காய்கிற களத்துக்குப் பக்கத்தில் நின்றால் மூக்கு சுறுசுறுவென்று இருக்கும்.

6. கோயில்காட்டில் நடந்துகொள்ளும் முறை

பல பட்டிகளுக்குச் சொந்தமாக ஒரு கோயில்காடு உண்டு. சுற்றிலும் வயலாகிவிட்ட இடத்தில் அது மட்டும் அடர்ந்து நிற்கும். உள்ளே சாமி இருக்கிறது, அதனால் கோடரி போகாது. விழுந்த சுள்ளியைக்கூடப் பொறுக்காத காடுகள் உண்டு. சின்ன இடம்தான், ஆனால் பழைய மரங்களும் கொடிகளும் மலையில் வேறெங்கும் அழிந்து இங்கே மட்டும் மிஞ்சியிருக்கக்கூடும்.

ஊர்க்காரர் ஒருவர் கூட வந்தால் மட்டும் போங்கள். செருப்பை வெளியே கழற்றிவிடுங்கள். இலை, பூ, விதை எதையும் எடுக்காதீர்கள். சிலையைப் படம் எடுக்கலாமா என்று கேளுங்கள். சில கோயில்காடுகளுக்குள் வெளியாட்களை விடமாட்டார்கள். விளக்கம் கேட்டு நச்சரிக்காமல் வெளியிலிருந்து கும்பிட்டுவிட்டு வாருங்கள்.

காப்புக்காடு வேறு விஷயம். அது வனத்துறையின் பொறுப்பு, அனுமதி இல்லாமல் உள்ளே மலையேற்றம் போவது குற்றம். 2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணியில் காட்டுத்தீயில் மலையேறப் போனவர்கள் இறந்ததற்குப் பிறகு விதிகள் இறுகிவிட்டன. மலையேற்றம்தான் வேண்டும் என்றால் அரசு 2024 அக்டோபரில் தொடங்கிய ட்ரெக் தமிழ்நாடு இணையதளத்தில் எந்தப் பாதைகள் திறந்திருக்கின்றன என்று பார்த்துப் பதிவு செய்யுங்கள். இங்கே கரடி உண்டு, விடிகாலையிலும் அந்தியிலும் தனியாகப் புதர் ஓரம் சுற்றாதீர்கள்.

7. அறப்பளீசுவரர் கோயிலும் ஆகாய கங்கையும்

இரண்டாம் நாள் காலைக்கு இதை வைத்துக்கொள்ளுங்கள். அறப்பளீசுவரர் பழைய சிவன் கோயில். பக்கத்தில் ஓடுகிற அய்யாற்றின் மீன்களிலும் ஈசன் இருக்கிறார் என்பது நம்பிக்கை, அதனால் அங்கே மீன் பிடிக்க மாட்டார்கள். அதே ஆறுதான் கொஞ்சம் தள்ளிப் பாறையிலிருந்து விழுந்து ஆகாய கங்கையாகிறது. அப்புறம் திருச்சி மாவட்டத்துப் புளியஞ்சோலைப் பக்கம் இறங்கிப் போகிறது.

அருவிக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகள் இறங்க வேண்டும். படிகள் செங்குத்து. இறங்குவது எளிது போலத் தெரியும், ஏறும்போதுதான் தொடை நடுங்கும். இதயக் கோளாறோ முழங்கால் வலியோ உள்ளவர்கள் கோயிலோடு நின்றுவிடுவது நல்லது. மற்றவர்கள் வெயில் ஏறுவதற்கு முன் இறங்குங்கள், தண்ணீரைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள், பக்கக் கம்பியைப் பிடித்துக்கொள்ளுங்கள். அடியில் சாரலால் பாறை எப்போதும் வழுக்கும். மழை பெய்தால் உடனே மேலே வந்துவிடுங்கள்.

எட்டுக்கை அம்மன் கோயிலுக்கும் நேரம் இருந்தால் போகலாம். சங்கப் பாடல்களில் வருகிற கொல்லிப்பாவை இந்த அம்மன்தான் என்று மலையில் சொல்வார்கள்.

8. சந்தையில் வாங்குங்கள், பேரம் பேசாதீர்கள்

சோளக்காட்டில் இறங்கி வாழை, பலா, அன்னாசி, மிளகு, காபி என்று பருவத்துக்குக் கிடைப்பதை வாங்குங்கள். தலைச்சுமையாகக் கொண்டுவந்து விற்கிறவர்களிடம் பத்து ரூபாய்க்கு மல்லுக்கட்ட வேண்டியதில்லை. மிளகை ஒன்றிரண்டு வாயில் போட்டுக் கடித்துப் பார்த்து வாங்கலாம். தேன் என்று சாலையோரம் விற்பதெல்லாம் தேன் இல்லை. பழங்குடியினருக்கான லேம்ப் கூட்டுறவுச் சங்கத்திலோ பெண்கள் குழுக்களிடமோ கேட்டு வாங்குங்கள். சாமை, தினையும் அவர்களிடம் கிடைக்கும்.

முடவாட்டுக்கால் சூப் எங்கும் விற்கும். பாறையிலும் மரத்திலும் ஒட்டி வளர்கிற ஒருவகைப் பெரணியின் கிழங்கு அது. மேலே பழுப்பு ரோமம் போல இருக்கும், பார்க்க ஆட்டுக்கால் மாதிரிதான். மிளகு தட்டிப் போட்டு, குளிருக்கு இதமாக இருக்கும், ஒரு டம்ளர் குடியுங்கள். கிலோ கணக்கில் கிழங்கை வாங்கி மூட்டை கட்டாதீர்கள். காட்டில் தானாக வளர்வதைப் பெயர்த்துத்தான் விற்கிறார்கள். வாங்குகிற கூட்டம் பெருகப் பெருக அது மீண்டும் முளைக்க நேரம் கிடைப்பதில்லை.

9. இறங்குவதற்கு முன்

கடைசிப் பேருந்து எத்தனை மணிக்கு என்று முதல் நாளே செம்மேடு நிறுத்தத்தில் கேட்டு வைத்துக்கொண்டு, அதற்கு முந்தைய வண்டியில் ஏறுங்கள். நீங்கள் கொண்டுபோன குப்பையை மலையில் போடாமல் பையிலேயே கீழே கொண்டுவாருங்கள், நாமக்கல் பேருந்து நிலையத்தில் போட்டுக்கொள்ளலாம். பட்டியில் யாரையாவது படம் எடுத்து அனுப்புகிறேன் என்று சொல்லியிருந்தால் ஊர் திரும்பியதும் பிரிண்ட் போட்டுத் தபாலில் அனுப்பிவிடுங்கள். முகவரியை அங்கேயே எழுதி வாங்கிக்கொள்ள மறக்காதீர்கள்.