சோலார் போட்டாச்சு, இனிமே வீட்டுல எந்த வேலைய எப்ப செய்யணும்

கடலூர், பாண்டி பக்கம் இப்ப நிறைய மொட்டை மாடில பேனல் ஏறிடுச்சு. 2024 பிப்ரவரில மத்திய அரசோட சூர்ய கர் திட்டம் வந்துச்சு, 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபா மானியம்னு கேள்விப்பட்டு அக்கம்பக்கத்துல ஒருத்தர பாத்து ஒருத்தர் போடுறாங்க, நல்ல விஷயம்தான். ஆனா போட்டு கொடுக்கிறவங்க ஆப் எப்படி பாக்கணும்னு மட்டும் காட்டிட்டு போயிடுறாங்க, அதுக்கப்புறம் வீட்டுல என்ன மாத்தணும்னு யாரும் சொல்றதில்ல. எங்க வீடு கடலூர் மஞ்சக்குப்பம், அக்கா வீடு பாண்டி லாஸ்பேட்டை, ரெண்டுலயும் சோலார் இருக்கு, ரெண்டு ஊருக்கும் கரண்ட் நிர்வாகமும் வேற பில்லும் வேற, அதனால ரெண்டையும் வெச்சி சொல்றேன்.

முதல் விஷயம் மீட்டர். ரெண்டு பக்கமும் எண்ணுற மீட்டர், அதாவது நீங்க ஈபிலேர்ந்து எடுக்கிறத தனியா, ஈபிக்கு அனுப்புறத தனியா காட்டுற நெட் மீட்டர், மாட்டினதுக்கு அப்புறம்தான் சிஸ்டத்த ஆன் பண்ணணும். "சும்மா ஓட்டி பாருங்க சார், மீட்டர் அடுத்த வாரம் வந்துடும்"னு சொன்னா ஒத்துக்காதீங்க. பழைய எலக்ட்ரானிக் மீட்டர் நிறைய, கரண்ட் எந்த பக்கம் போனாலும் அத நீங்க செலவு பண்ணதாதான் கூட்டும். நீங்க வெளில அனுப்பின யூனிட்டுக்கும் நீங்களே காசு கட்டுற மாதிரி ஆயிடும்.

அடுத்தது கணக்கு எந்த முறைல போகுதுன்னு உங்க அக்ரிமெண்ட்ட எடுத்து பாருங்க. நெட் மீட்டரிங்னா நீங்க அனுப்பின ஒரு யூனிட்டுக்கு நீங்க எடுத்த ஒரு யூனிட் கழிஞ்சிடும், மிச்சம் இருந்தா அடுத்த பில்லுக்கு போகும், வருஷ கணக்கு முடியுறப்ப செட்டில் பண்ணுவாங்க. 'நெட் ஃபீட்-இன்'ங்கிற முறைன்னா நீங்க வாங்குறது ஒரு விலை, விக்கிறது வேற விலை, விக்கிற விலை ரொம்ப கம்மி. இது ஏன் முக்கியம்னா, வேலைய பகலுக்கு மாத்துங்கன்னு எல்லாரும் சொல்றாங்களே, அதுல முழு லாபம் இந்த ரெண்டாவது முறைல இருக்கிறவங்களுக்குத்தான். நெட் மீட்டரிங்ல இருந்தா பகல்ல துவைச்சாலும் ராத்திரி துவைச்சாலும் யூனிட் கணக்கு ஒண்ணுதான், அங்க மொத்த செலவ குறைக்கிறதுதான் பில்ல குறைக்கும்.

அப்ப நெட் மீட்டரிங்காரங்க எதுக்கு நேரத்த மாத்தணும்னு கேப்பீங்க. காரணம் இருக்கு. ஒரே தெருவுல நாலஞ்சு வீட்டுல சோலார் இருந்து, மதியம் 12 மணிக்கு எல்லாரும் அனுப்பிக்கிட்டே இருந்து யாருமே செலவு பண்ணலன்னா அந்த லைன்ல வோல்ட்டேஜ் ஏறிடும், டிரான்ஸ்ஃபார்மர்லேர்ந்து தள்ளி தெரு கடைசில இருக்கிற வீடுன்னா இன்னும் ஜாஸ்தி. ஒரு அளவுக்கு மேல ஏறினா சோலார் இன்வெர்ட்டர், அதாவது பேனல் கரண்ட்ட வீட்டு கரண்டா மாத்துற பெட்டி, தானா நின்னுடும், கொஞ்ச நேரம் கழிச்சி திரும்ப வரும், திரும்ப நிக்கும். நல்ல வெயில் நேரம் வீணா போகுது, ஆப்ல பாத்தா மலை மாதிரி ஏற வேண்டிய கோடு பல்லு பல்லா வெட்டுப்பட்டு இருக்கும். அந்த நேரத்துல வீட்டுல மோட்டாரோ மெஷினோ ஓடினா வோல்ட்டேஜ் கொஞ்சம் இறங்கும். இப்படி அடிக்கடி நடந்தா போட்டு கொடுத்தவங்ககிட்டயும் ஈபிலயும் எழுதியே கொடுங்க, வாயால சொன்னா நிக்காது.

சரி, எவ்ளோ வரும்? நம்ம ஊர்ல 1 கிலோவாட்டுக்கு ஒரு நாளைக்கு சராசரியா 4 யூனிட்னு வெச்சிக்கலாம், 3 கிலோவாட்னா 12. காலைல 8 மணி வரைக்கும் பேருக்குத்தான் வரும், 10 மணிலேர்ந்து 3 மணி வரைக்கும்தான் உண்மையான வரத்து, அப்ப 3 கிலோவாட் சிஸ்டம் ரெண்டு கிலோவாட்டுக்கு மேலயே கொடுக்கும். கத்திரி வெயில்ல ஜாஸ்தி வரும்னு நினைக்காதீங்க, பேனல் சூடாக ஆக உற்பத்தி குறையும், வெயிலும் இருந்து சூடும் கம்மியா இருக்கிற பிப்ரவரி மார்ச்சுலதான் நல்லா வரும்.

இப்ப வேலைங்க. ஒரே விதி, ரெண்டு பெரிய லோட ஒண்ணா ஓட்டாதீங்க, ஒண்ணு முடிஞ்சதும் அடுத்தது. 1 ஹெச்பி மோட்டார் கிட்டத்தட்ட 1 கிலோவாட் இழுக்கும், அயர்ன் பாக்ஸ் 1, கீசர் 2, இண்டக்ஷன் அடுப்பு 2. நாலையும் ஒண்ணா போட்டா 6 கிலோவாட், சோலார் கொடுக்கிறது ரெண்டுதான், மீதி நாலு ஈபிலேர்ந்து வரும். அதையே வரிசையா ஓட்டினா பெரும்பாலும் சோலார்லயே முடிஞ்சிடும்.

மோட்டார்லேர்ந்து ஆரம்பிங்க, சுலபம் அதுதான். எல்லார் வீட்டுலயும் விடிகாலை எந்திரிச்சதும் மோட்டார் போடுற பழக்கம், டேங்க் காலியா இருக்கும்ங்கிற பயம்தான் காரணம். அத மதியம் 12 மணிக்கு மாத்தி டேங்க ரொப்பி வெச்சிட்டா மறுநாள் காலை வரைக்கும் வரும். டேங்க் சின்னதா இருந்து வரலன்னா இன்னொரு 500 லிட்டர் டேங்க் வாங்கி பக்கத்துல இணைச்சிடுங்க, பேட்டரி வாங்குறதுக்கு இது எவ்வளவோ மேல். பகல்ல சேத்து வெச்ச தண்ணியும் சேமிச்ச கரண்ட்தான். பாண்டில குழாய் தண்ணி சம்புல விழுற நேரம் வேறயா இருக்கும், அது சம்புல விழட்டும், மேல ஏத்துறத மட்டும் மதியத்துக்கு தள்ளுங்க.

துவைக்கிறது 10, 11 மணிக்கு. டாப் லோடுன்னா கவலையே இல்ல, 400 வாட் பக்கம்தான். ஃப்ரண்ட் லோட்ல தண்ணி சூடு பண்ற ஹீட்டர் இருக்கும், அதுதான் 2 கிலோவாட் இழுக்குது, பச்சைத்தண்ணி புரோகிராம் போட்டா பாதி பிரச்சினை தீந்துச்சு. நம்ம ஊரு பைப் தண்ணியே வெதுவெதுன்னுதான் வருது. மாவு அரைக்கிறத எங்க அம்மா சாயந்தரம்தான் செய்வாங்க, கிரைண்டர் 150 வாட்தான், அதுக்காக அவங்க பழக்கத்த மாத்த சொல்ல வேண்டாம்னு விட்டாச்சு. மிக்ஸியும் அப்படித்தான், வாட் ஜாஸ்தி, ஆனா ஓடுறது மூணு நிமிஷம். வீட்டுல பெரியவங்கள சின்ன விஷயத்துக்கெல்லாம் விரட்டாதீங்க, அப்புறம் மோட்டார் விஷயத்துலயும் கேக்க மாட்டாங்க. இஸ்திரி மட்டும் தினமும் காலை அவசரத்துல ஒரு சட்டை போடாம ஞாயித்துக்கிழமை மதியம் மொத்தமா போட்டுடுங்க.

எனக்கு ரொம்ப பிடிச்ச மாத்தம் சமையல்தான். மதிய சாப்பாட்டுக்கு 11 மணிக்கு மேல சாதமும் பருப்பும் இண்டக்ஷன்ல குக்கர் வெச்சிடலாம், அடி தட்டையா இருக்கிற இண்டக்ஷன் குக்கர் வேணும், அவ்ளோதான். வருஷ கடைசில மிச்சமாகுற யூனிட்டுக்கு கிடைக்கிற காசு பெருசா இருக்காது, ஆனா அதே யூனிட்ல சமைச்சா சிலிண்டர் கூடுதலா பல நாள் வரும். மிச்சம் வருதுன்னு தெரிஞ்சா அத இங்க செலவு பண்றதுதான் புத்திசாலித்தனம். எலக்ட்ரிக் ஸ்கூட்டர் இருந்தா அதுவும் இப்படித்தான், ராத்திரி சார்ஜ் போடாம லீவு நாள் பகல்ல போடுங்க.

ரெண்டு பேரும் வேலைக்கு போற வீடுன்னா பகல்ல யாரு இருக்காங்கன்னு கேப்பீங்க. வாஷிங் மெஷின்ல டிலே ஸ்டார்ட்னு ஒரு பட்டன் இருக்கும், நிறைய பேர் தொட்டதே இல்ல, காலைல துணிய போட்டு 3 மணி நேரம்னு வெச்சிட்டு போயிடலாம், பைப்பும் ஓஸும் நல்லா இறுக்கி இருக்கான்னு மட்டும் பாத்துக்கங்க. மோட்டாருக்கு தண்ணி அளவு பாத்து தானா நிக்கிற கண்ட்ரோலரும் ஒரு டைமரும் சேத்து எலக்ட்ரீஷியன வெச்சி மாட்டிடுங்க, சம்புல தண்ணி இல்லன்னா நிறுத்துற வசதி கட்டாயம் இருக்கணும், இல்லன்னா காயில் எரிஞ்சிடும். அடுப்பு, அயர்ன் பாக்ஸ் இதெல்லாம் ஆள் இல்லாம டைமர்ல விடவே கூடாது.

ஏசிதான் பெரிய தலைவலி, ஏன்னா நமக்கு அது வேணும்ங்கிறது ராத்திரில, அப்ப சோலார் பூஜ்யம். 1.5 டன் இன்வெர்ட்டர் ஏசி ராத்திரி முழுக்க ஓடினா 5, 6 யூனிட் சுலபமா போயிடும், நாள் முழுக்க பேனல் கொடுத்ததுல பாதி. "சோலார்தான் இருக்கே"ன்னு ரெண்டாவது ரூமுக்கும் ஏசி மாட்டினவங்க வீட்டுல பில் பழைய இடத்துக்கே வந்துடும், இத நிறைய வீட்டுல பாக்குறேன். மதியம் 2, 3 மணிக்கு படுக்கை ரூம்ல ஒரு மணி நேரம் ஏசி ஓட்டி, திரைய இழுத்து மூடி வெச்சா செவுத்து சூடு கொஞ்சம் இறங்கும், ராத்திரி ஏசி சீக்கிரம் அடங்கும். பேனல் நிழல் விழுற ரூம்ல மாடி சூடு இறங்குறதும் கம்மியா இருக்கும், முடிஞ்சா கோடைல அந்த ரூம்ல படுங்க. 26ல வெச்சி ஃபேனும் போடுங்க. ஃபேன்னு சொன்னதும் ஒண்ணு, பழைய ஃபேன் 75 வாட், கரண்ட் கம்மியா எடுக்கிற பிஎல்டிசி ஃபேன் 30 வாட் பக்கம், நாலு ஃபேன் 10 மணி நேரம் ஓடினா 3 யூனிட்டுக்கு பதிலா 1.2 யூனிட். ராத்திரி செலவ குறைக்க இதவிட சுலபமான வழி இல்ல.

கடலூர்காரங்களுக்கு இன்னொண்ணு, தமிழ்நாட்டு பில் ரெண்டு மாசத்துக்கு ஒரு தடவை, அந்த ரெண்டு மாசத்துல 500 யூனிட்ட தாண்டினா கணக்கு போடுற ஸ்லாபே மாறி கீழ இருக்கிற யூனிட்டுக்கும் ரேட் ஏறும். அதனால கழிச்சி வர்ற யூனிட் 500க்குள்ள நிக்குதான்னு பாத்துக்கிட்டே இருங்க, கோடைல குறிப்பா. பாண்டில மாசா மாசம் பில் வர்றதால அங்க தப்பு சீக்கிரம் தெரிஞ்சிடும், நம்ம பக்கம் ரெண்டு மாசம் கழிச்சித்தான் தெரியும்.

கரண்ட் போனா சோலார் வரும்னு நினைச்சிட்டு இருக்கிறவங்க கவனிங்க. பேட்டரி இல்லாம ஈபி லைனோட சேந்து ஓடுற சாதாரண ஆன் கிரிட் சிஸ்டம்னா ஈபி போனதும் சோலாரும் நின்னுடும், வெயில் கொளுத்தினாலும் நிக்கும். அது கோளாறு இல்ல, லைன்ல ஏறி வேலை பாக்குற ஆளு நம்ம வீட்டு கரண்ட்ல அடிபடக்கூடாதுன்னு வெச்ச பாதுகாப்பு. அதனால பழைய யூபிஎஸ்ஸ தூக்கி போட்டுடாதீங்க. யூபிஎஸ் அவுட்புட்டயோ ஜெனரேட்டரயோ சோலார் லைனோட யாராவது ஜோடிச்சி விடுறேன்னு சொன்னா விடாதீங்க, ரெண்டுமே புகைஞ்சிடும்.

மாடில நிழல். துணி கொடி பேனலுக்கு தெக்குப் பக்கம் இருந்தா வடக்கு பக்கம் மாத்திடுங்க, ஒரு புடவை நிழல் ஒரு பேனல் ஓரத்துல விழுந்தாலே அந்த வரிசை மொத்தமும் இறங்கிடும் சில சிஸ்டத்துல. வடாம், வத்தல் காய போடுறத பேனல் மேல போடாதீங்க, சூடா இருக்குன்னு ஆசையா இருக்கும், ஆனா எண்ணெயும் உப்பும் கண்ணாடில பிடிச்சிடும், காக்காவும் வந்து கொத்தும். பக்கத்து வீட்டு தென்ன மரம் வருஷத்துக்கு வருஷம் வளரும், மட்டை நிழல் எப்ப விழ ஆரம்பிக்குதுன்னு பாத்துக்கங்க.

கழுவுறது நம்ம ஊருக்கு ரொம்ப முக்கியம். தேவனாம்பட்டினம், முத்தியால்பேட்டை, வீராம்பட்டினம்னு கடலுக்கு கிட்ட இருக்கிறவங்களுக்கு உப்புக்காத்து படிஞ்சி ஒரு மங்கல் வரும், மழை இல்லாத மாசங்கள்ல ரெண்டு வாரத்துக்கு ஒரு தடவை கழுவுங்க, உள்ள தள்ளி இருந்தா மாசத்துக்கு ஒரு தடவை போதும். விடிகாலை மட்டும், மதியம் கொதிக்கிற கண்ணாடில பச்சைத்தண்ணி ஊத்தினா விரிசல் விடலாம். போர் தண்ணி உப்பா இருந்தா அது காஞ்சி வெள்ளை வெள்ளையா திட்டு விழும், நல்ல தண்ணிலயோ பிடிச்சி வெச்ச மழை தண்ணிலயோ கடைசியா ஒரு அலசு அலசிடுங்க. மெத்துனு துணி போதும், சோப்பு பவுடர் வேண்டாம், பேனல் மேல ஏறி நிக்கவே கூடாது. அப்படியே ஸ்டாண்டு போல்ட்டுல துரு இருக்கான்னும் ஒரு பார்வை.

அக்டோபர் வந்துட்டா மனச தயார் பண்ணிக்கங்க, அடமழை நாள்ல வழக்கத்துல கால்வாசி கூட வராது, அந்த மாசத்துல பில் ஏறினா சிஸ்டத்துல கோளாறுன்னு பயப்படாதீங்க. புயல்தான் பெரிய விஷயம். 2011 டிசம்பர் 30ல 'தானே' புயல் நமக்கும் பாண்டிக்கும் நடுவுலதான் கரை ஏறுச்சு, 2024 நவம்பர் 30ல ஃபெஞ்சல் புயல் பாண்டி பக்கம் கரைய கடந்து மழைய கொட்டிட்டு, அதுக்கப்புறம் தென்பெண்ணைல வெள்ளமும் வந்துச்சு. அதனால செப்டம்பர் கடைசிலயே ஆள கூப்புட்டு கிளாம்ப், போல்ட் எல்லாத்தையும் இறுக்க சொல்லுங்க, மாடில கிடக்கிற தகரம், பூந்தொட்டி, பழைய டேங்க் மூடி எல்லாம் கீழ இறக்குங்க, பேனல் பறக்கிறதவிட இதுங்க பறந்து பேனல்ல அடிக்கிறதுதான் ஜாஸ்தி. புயல் அன்னிக்கு ஏசி ஐசோலேட்டர (குளிர்ற ஏசி இல்ல, இன்வெர்ட்டர்லேர்ந்து வீட்டு லைனுக்கு போற பக்கத்து சுவிட்ச்) முதல்ல, டிசி ஐசோலேட்டர (பேனல் பக்கத்து சுவிட்ச்) அடுத்து ஆஃப் பண்ணுங்க. ஆஃப் பண்ணாலும் வெளிச்சம் இருக்கிற வரைக்கும் பேனல்லேர்ந்து வர்ற வயர்ல கரண்ட் இருக்கும், ஒயர் அறுந்து கிடந்தா, கண்ணாடி உடைஞ்சிருந்தா கிட்டவே போகாதீங்க. வெள்ளம் வர்ற தெருன்னா இன்வெர்ட்டர தரைலேர்ந்து ஆளுயரத்துக்கு மேல மாட்ட சொல்லுங்க, தண்ணி தொட்ட இன்வெர்ட்டர காய வெச்சி நீங்களே ஆன் பண்ண பாக்காதீங்க.

கடைசியா ஒரு நோட்டு. ஆப்ப மட்டும் நம்பாதீங்க, வைஃபை போனா அதுல ஒண்ணும் தெரியாது. மாசம் ஒண்ணாந்தேதி மீட்டர் பட்டன அமுக்கி இம்போர்ட் (எடுத்தது), எக்ஸ்போர்ட் (அனுப்பினது) ரெண்டு எண்ணையும், இன்வெர்ட்டர்ல காட்டுற மொத்த உற்பத்தியையும் எழுதி வெச்சிடுங்க. போன வருஷம் இதே மாசத்தோட ஒப்பிட்டு பாருங்க, போன மாசத்தோட இல்ல. உற்பத்தி அதேதான், இம்போர்ட் மட்டும் ஏறியிருந்தா வீட்டுல செலவு கூடியிருக்கு. உற்பத்தியே இறங்கியிருந்தா முதல்ல கழுவுங்க, நிழல் பாருங்க, அப்பவும் வரலன்னா அந்த நோட்டோட போட்டு கொடுத்தவங்கள கூப்புடுங்க, வாரண்டி இருக்கிறப்ப எண்ண காட்டி பேசினா சாக்கு சொல்ல முடியாது.