பக்கவாதத்தில் புரதம் சிதைக்கும் நொதிகள்: நாம் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கன்னியாகுமரி மாவட்டத்தின் களியக்காவிளை, மார்த்தாண்டம் பக்கத்து ஊர்களில் ஒருவருக்கு வாய் கோணி ஒரு பக்கக் கையும் காலும் தளர்ந்தால், தைலமோ குழம்போ தேய்த்துப் பார்த்துவிட்டு மறுநாள் மருத்துவமனைக்குப் போகலாம் என்று சொல்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். வர வேண்டிய சேதம் வந்து முடிந்துவிட்டது என்ற நினைப்பே இதற்குக் காரணம். மற்றத் தவறுகளுக்கும் வேர் அதுதான்.

உண்மையில் சேதம் அப்போதுதான் தொடங்குகிறது. குழாய் அடைபட்டு மூளையின் ஒரு பகுதிக்கு இரத்தம் வருவது நின்றதும், நரம்பணுக்களுக்குள் கால்சியம் பெருகிப் புகுந்து, கால்பெய்ன் என்ற நொதியைத் தூண்டுகிறது. அது அணுவின் உட்சட்டமாக நிற்கும் ஸ்பெக்ட்ரின் முதலிய புரதங்களை வெட்டுகிறது. அடைப்பைச் சுற்றி அரைகுறை இரத்தத்தில் உயிர் பிடித்திருக்கும் பகுதியில், காஸ்பேஸ்-3 என்ற நொதி பல மணி நேரமும் சில நாள்களும் கூட அணுக்களைத் தாமே மடியச் செய்கிறது. எம்எம்பி-9 என்ற மற்றொரு நொதியோ, நுண்குழாய்ச் சுவரைத் தாங்கும் நான்காம் வகைக் கொலாஜன், லாமினின் என்ற புரதங்களை அரிக்கிறது. சுவர் கசிந்து மூளை வீங்குகிறது, சிலருக்கு இரத்தமும் கசிகிறது.

அடுத்த தவறு, குழாயை அடைத்த இரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியைப் பற்றியது. டிபிஏ எனப்படும் அந்த மருந்தும் புரதம் வெட்டும் நொதியே; இரத்தத்தில் உள்ள பிளாஸ்மினோஜன் என்ற புரதத்தைப் பிளாஸ்மின் என்ற நொதியாக மாற்றி, அதன் வழியாகக் கட்டியைப் பிணைத்திருக்கும் ஃபைப்ரின் இழைகளை அறுக்கிறது. 1995இல் வெளியான அமெரிக்க ஆய்வில் 3 மணி நேரத்துக்குள் ஊசி பெற்றவர்களில் ஏறத்தாழ 6 விழுக்காட்டினருக்கு அறிகுறிகளுடன் மூளையில் இரத்தக்கசிவு ஏற்பட்டது. பெறாதவர்களிடம் அது 1 விழுக்காட்டுக்கும் குறைவு. ஆனாலும் மூன்று மாதம் கழித்து ஊனமின்றி அல்லது மிகச் சிறு ஊனத்துடன் தேறியவர்கள் ஊசி பெற்றவர்களிலேயே அதிகம் என்பதால், பயந்து மறுப்பது சரியல்ல. நேரம் கடந்தபின் வற்புறுத்திக் கேட்பதும் சரியல்ல: அதற்குள் எம்எம்பி-9 சுவரை அரித்திருக்கும், டிபிஏயும் அந்த நொதியை மேலும் தூண்டக்கூடியது. பொதுவான எல்லை, அறிகுறி தொடங்கியதிலிருந்து 4.5 மணி நேரம். ஸ்கேன் எடுத்து இரத்தக்கசிவு இல்லை என்று உறுதியாகும் முன் வீட்டிலேயே ஆஸ்பிரின் கொடுப்பதும் ஆபத்தானது.

வீக்கம் வற்றும் என்று மருந்துக்கடையில் வாங்கும் செராஷியோபெப்டிடேஸ் மாத்திரையும் புரதம் சிதைக்கும் நொதிதான். பெயர்ப் பொருத்தத்தை நம்பி அதைப் பக்கவாதத்துக்குக் கொடுக்கக் கூடாது.

எம்எம்பி-9ஐ முழுவதும் பகையாக நினைப்பதும் பிழை. எலிகளில், முதல் மணிகளில் இவ்வகை நொதிகளைத் தடுத்தபோது சேதம் குறைந்தது. ஏழாம் நாளில் தடுத்தபோதோ புதிய குழாய்கள் உருவாவது தடைப்பட்டுச் சேதம் கூடியது. ஒரே நொதி முன்னே இடிக்கிறது, பின்னே கட்டுகிறது. இந்த இரட்டை இயல்பே இதற்கு மருந்து காண்பதைக் கடினமாக்குகிறது என்று நான் கருதுகிறேன்.

நேரத்தைச் சொல்வதில் வரும் பிழைதான் என்னை மிகவும் வருத்துகிறது. இரவு 10 மணிக்கு நன்றாகப் படுத்தவர் காலை 5 மணிக்குத் தளர்ந்து எழுந்தால், கணக்கு 10 மணியிலிருந்தே தொடங்கும். ‘இப்போதுதான் வந்தது’ என்று சொன்னால் மருத்துவரின் முடிவே தவறாகிவிடும். தூக்கத்தில் வந்தவர்களிலும் சிலருக்குச் சிறப்பு ஸ்கேன் பார்த்து ஊசி போட முடியும் என்பதால், ஆசாரிப்பள்ளம் மருத்துவமனைக்குப் போனாலும் திருவனந்தபுரத்துக்குப் போனாலும், அவர் கடைசியாக நன்றாக இருந்த நேரத்தையும் சாப்பிட்டுவரும் மருந்துகளையும் ஒரு தாளில் எழுதி எடுத்துச் செல்லுங்கள்.