ரேடியேட்டர் தண்ணீர் எங்கே போகிறது? சூடேறும் காரில் நடக்கும் தவறுகள்

சுங்கை சிப்புட் பக்கம் பழைய கார் வைத்திருப்பவர் பலரின் பூட்டில் ஒன்றரை லிட்டர் தண்ணீர் பாட்டில் நான்கு உருண்டுகொண்டிருக்கும். காலையில் ஊற்றுவது, டவுனுக்குப் போய் வந்து மறுபடியும் ஊற்றுவது என்று அது பழகிப்போகிறது. முதல் தவறு இதுதான். ரேடியேட்டர் மூடிய சுற்று. நல்ல நிலையில் உள்ள காரில் மாதக்கணக்கில் தண்ணீர் சேர்க்கத் தேவையிருக்காது. வாரத்துக்கு அரை லிட்டர் குறைந்தாலும் அது எங்கோ வெளியேறுகிறது. "ஏன் சூடேறுகிறது" என்று பார்ப்பதற்கு முன் "எங்கே போகிறது" என்று பாருங்கள். பாதிக் கேள்வி அங்கேயே தீர்ந்துவிடும்.

சூடான ரேடியேட்டர் மூடியைத் திறக்கக்கூடாது என்பது எல்லாருக்கும் தெரியும், ஆனாலும் அவசரத்தில் திறக்கிறார்கள். மேல் ஹோஸை அமுக்கிப் பாருங்கள். அது கல்லாக இருந்தால் உள்ளே அழுத்தம் இருக்கிறது. குறைந்தது அரை மணி நேரம் விடுங்கள். கொதிக்கும் இஞ்சினில் பச்சைத் தண்ணீரை ஊற்றினால் அலுமினிய ஹெட் (இஞ்சினின் மேல்பாகம்) விரிசல் விடலாம்.

ரேடியேட்டரை ஒட்டிய பிளாஸ்டிக் ஸ்பேர் டேங்கை மட்டும் பார்த்து ஏமாறுவது அடுத்தது. சூடாகும்போது தண்ணீர் விரிந்து மூடி வழியாக டேங்குக்குப் போகும். ஆறும்போது அதே வழியில் திரும்ப உறிஞ்சப்படும். மூடியின் ரப்பர் தேய்ந்திருந்தாலோ, டேங்குக்குப் போகும் மெல்லிய குழாயில் விரிசல் இருந்தாலோ, தண்ணீருக்குப் பதில் காற்றுதான் உள்ளே வரும். டேங்கில் 'ஃபுல்' கோடு வரை நிற்கும், ரேடியேட்டர் காலியாக இருக்கும். காலையில், இஞ்சின் ஆறிய பிறகு, ரேடியேட்டர் மூடியைத் திறந்து கழுத்து வரை தண்ணீர் இருக்கிறதா என்று பார்ப்பதே சரி. (அழுத்த மூடி டேங்கிலேயே இருக்கும் கார்களுக்கு இது பொருந்தாது.) டாஷ்போர்டில் சூட்டைக் காட்டும் ஊசியையும் முழுக்க நம்பாதீர்கள். சென்சர் தண்ணீரில் மூழ்கியிருந்தால்தான் சரியாகக் காட்டும். ஏறிய ஊசி மேட்டில் திடீரென்று இறங்கினால் நிம்மதி அடையாமல் காரை ஓரம் கட்டுங்கள். சென்சர் காற்றில் தொங்குகிறது என்று அர்த்தமாக இருக்கலாம்.

மூடியைப் பலர் ஒரு பொருட்டாகவே நினைப்பதில்லை. 0.9 என்று (அழுத்த அளவு, பார் கணக்கில்) அச்சிட்ட மூடி சரியாகப் பிடித்தால் வெறும் தண்ணீர்கூட ஏறக்குறைய 118 டிகிரி வரை கொதிக்காது. பிடிக்காவிட்டால் 100 டிகிரியிலேயே கொதித்து வெளியே தள்ளும். அதற்காக 0.9க்குப் பதில் 1.3 போடுவதும் தவறு. பழைய ரேடியேட்டரின் பிளாஸ்டிக் தலை பிளந்துவிடும்.

கசிவைச் சூடான இஞ்சினில் தேடுவதால்தான் கிடைப்பதில்லை. சொட்டு விழுந்த இடத்திலேயே ஆவியாகிவிடுகிறது. ஆறிய இஞ்சினில், ரேடியேட்டர் வாயில் பிரஷர் டெஸ்டரை (அழுத்தம் ஏற்றும் கைப்பம்ப்) மாட்டி, மூடியில் உள்ள அளவு வரை மட்டும் பம்ப் செய்து, 15 நிமிடம் விடுங்கள். பிளாஸ்டிக்கும் அலுமினியமும் சேரும் விளிம்பு, வாட்டர் பம்புக்கு அடியிலுள்ள சின்னத் துளை, இஞ்சினுக்குப் பின்னால் கண்ணுக்குத் தெரியாத குட்டி ஹோஸ்கள், துருப்பிடித்த வெல்ஷ் பிளக் (இஞ்சின் பிளாக்கின் துளையை அடைக்கும் உலோக மூடி) ஆகியவற்றை டார்ச் அடித்துப் பாருங்கள். காய்ந்த வெள்ளை அல்லது பச்சைப் பொருக்கு பழைய கசிவின் தடம்.

டெஸ்டர் முள் இறங்குகிறது, வெளியே ஒரு சொட்டும் இல்லை என்றால் சந்தேகம் உள்ளே போகிறது. அப்போதும் உடனே 'டாப் ஓவரால்' (ஹெட்டைக் கழற்றிச் செய்யும் பெரிய வேலை) என்று தலையாட்டிவிடாதீர்கள். ரேடியேட்டர் வாயில் நீலத் திரவம் வைத்துச் சோதிக்கச் சொல்லுங்கள். எரிந்த வாயு வந்தால் பெட்ரோல் காரில் அது மஞ்சளாகும். ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றினால், தண்ணீர் இறங்கும் சிலிண்டரின் பிளக் மட்டும் கழுவியதுபோல் சுத்தமாக இருக்கும். குளிர்ந்த காலையில் எக்ஸாஸ்ட்டில் கொஞ்சம் ஆவி வருவது இயல்பு. இஞ்சின் சூடான பிறகும் நிற்காத வெண்புகைதான் கவலைக்குரியது. ஆட்டோ கியர் எண்ணெய் ரேடியேட்டருக்குள்ளேயே குளிரும் கார்களில் கியர் எண்ணெயையும் பாருங்கள். ரோஸ் மில்க் நிறத்தில் இருந்தால் தண்ணீர் அங்கேதான் போயிருக்கிறது. ஹெட்டைக் கழற்றியே ஆகவேண்டும் என்றால், நேர்கோல் வைத்துச் சமம் பார்க்காமல் புது கேஸ்கெட்டை (ஹெட்டுக்கு அடியில் வைக்கும் அடைப்புத் தகடு) மட்டும் போட்டு மூட விடாதீர்கள். பல இஞ்சின்களில் 0.05 மில்லிமீட்டர் வளைவே அதிகம்.

"தெர்மோஸ்டாட்டைக் கழற்றிப் போடு, ஃபேனை டைரக்ட் பண்ணு." நம் ஊரில் சர்வசாதாரணமாகக் கேட்கும் வைத்தியம் இது. தெர்மோஸ்டாட் என்பது இஞ்சின் சூடான பிறகே தண்ணீரை ரேடியேட்டருக்குத் திறந்துவிடும் வால்வு; 'டைரக்ட்' என்றால் ஃபேனை நிற்காமல் ஓடும்படி நேராக ஒயர் இழுப்பது. தெர்மோஸ்டாட் இல்லாத இஞ்சின் சூடாகத் தாமதமாகும், பெட்ரோல் அதிகம் குடிக்கும். சில இஞ்சின்களில் பைபாஸ் வழி மூடாமல் போய், சுடுதண்ணீர் ரேடியேட்டருக்குப் போகாமல் உள்ளேயே சுற்றி இன்னும் சூடேறும். கழற்றியதைத் தண்ணீர்ப் பானையில் தொங்கவிட்டுச் சூடாக்குங்கள். 82 என்று அச்சிட்டிருந்தால் அந்தச் சூட்டை ஒட்டித் திறக்கத் தொடங்க வேண்டும். திறக்காவிட்டால் புதிது போடுங்கள்.

நிற்கும்போது மட்டும் சூடேறினால் ஃபேன், ரிலே, சுவிட்ச் பக்கம் பாருங்கள். பெரும்பாலான கார்களில் ஏசி போட்டதும் ஃபேன் சுற்ற வேண்டும். மெனோரா சுரங்கத்துக்கு ஏறும் மேட்டில் மட்டும் சூடேறினால் அடைத்த ரேடியேட்டர், தெர்மோஸ்டாட், வாட்டர் பம்ப் ஆகியவற்றில் ஒன்று. செம்பனைத் தோட்டத்துச் செம்மண் பாதையில் ஓடும் காருக்கு வெளிப்பக்க அடைப்பும் உண்டு. சாதாரண ஹோஸால் இஞ்சின் பக்கமிருந்து வெளியே தள்ளிக் கழுவுங்கள். வாட்டர் ஜெட் தகடுகளை மடக்கிவிடும்.

கிணற்றுத் தண்ணீர் துருவைச் சேர்க்கும். கசிவை அடைக்கப் போடும் ஸ்டாப் லீக் தூள் ஓட்டையோடு ரேடியேட்டரின் நுண்குழாய்களையும் அடைக்கும். கூலண்டும் காய்ச்சி வடித்த தண்ணீரும் சரிபாதி ஊற்றுங்கள். வெவ்வேறு வகைக் கூலண்டைக் கலக்காதீர்கள். வெளியே எடுத்த பழைய கூலண்டை லயத்துச் சாக்கடையில் விடவேண்டாம். இனிப்பாக இருப்பதால் நாயும் ஆடும் நக்கும், அது விஷம்.

எல்லாம் சரிசெய்த பிறகும் சூடேறினால், பெரும்பாலும் காற்று சிக்கியிருக்கும். மூக்கை மேட்டுப் பக்கம் நிறுத்தி, ஆறிய நிலையில் மூடியைத் திறந்தபடி ஸ்டார்ட் செய்யுங்கள். மேல் ஹோஸும் கீழ் ஹோஸும் சூடாகி, ஃபேன் இரண்டு முறை ஓடி நிற்கும்வரை குமிழி வரவர மெதுவாக ஊற்றுங்கள். பிறகு மூடி, ஸ்பேர் டேங்கில் பேனாவால் ஒரு கோடு போட்டுவிட்டு, அடுத்த மூன்று காலைகளில் ரேடியேட்டர் கழுத்தையும் அந்தக் கோட்டையும் ஒருசேரப் பாருங்கள்.