கியோட்டோவில் கிமோனோ: பையில் இரண்டு கிளிப் இருக்கட்டும்

ஜப்பானின் கியோட்டோவில் அந்நாட்டுப் பாரம்பரிய உடையான கிமோனோவை வாடகைக்கு எடுத்துச் சுற்றுவதானால் கியோமிஸு கோயிலிலிருந்து சன்னென்சாகா, நினென்சாகா என்ற சரிவுத் தெருக்கள் வழியாக யசாகா ஆலயம் வரை போதும். கிமோனோவில் காலை எட்டிவைத்து நடக்க முடியாது. டாக்ஸியில் மேலே போய் இறக்கமாக நடந்து வாருங்கள். சன்னென்சாகா கல் படிக்கட்டு. முன் மடிப்பை வலது கையால் லேசாகத் தூக்கிக்கொண்டு சற்றுப் பக்கவாட்டாக இறங்குவது நல்லது.

இடது மடிப்புதான் வலதுக்கு மேலே வர வேண்டும். மாற்றி உடுத்துவது இறந்தவர்களுக்கு. செல்ஃபி கேமராவில் இடம் வலமாக மாறித் தெரிந்தால் பதறாதீர்கள், அது கண்ணாடி வேலை!

யாரும் சொல்லித்தராத விஷயம் கழிவறை. துணி காயப்போடும் கிளிப் இரண்டு கொண்டுபோங்கள். கிமோனோவின் தொங்கும் கைப்பகுதிகளை முதலில் இடுப்புப் பட்டையான ஓபிக்குள் செருகுங்கள். பிறகு கீழ் விளிம்புகளை அடுக்கடுக்காகத் தூக்கி இடுப்புக்கு மேல் கிளிப் போடுங்கள். அவிழ்க்கவே வேண்டாம். அவிழ்த்தால் நாமாகத் திரும்பக் கட்டுவது நடக்காத காரியம்.

மதியம் அரை வயிறு சாப்பிடுங்கள், ஓபி இறுக்கும். கெய்ஷா கலைஞர்களின் பகுதியான கியோனில் சில தனியார் சந்துகளில் 2024 முதல் நுழையத் தடை. மீறினால் 10,000 யென் அபராதம் என்று பலகை இருக்கும், பார்த்து நடங்கள்.