31 பிளகின்களும் ஒரு வத்தக்குழம்புப் படமும்

அம்மாவின் சமையல் குறிப்புகளுக்காக நான் நடத்தும் வேர்ட்பிரஸ் தளம், போனில் திறக்க 9 விநாடி எடுத்தது. அடுப்பில் எண்ணெயை வைத்துவிட்டு அளவு பார்க்க வருகிறவர் அவ்வளவு நேரம் நிற்க முடியுமா? எனக்கு மனசே கேட்கவில்லை.

முதலில் ஹோஸ்டிங்கைத்தான், அதாவது தளம் குடியிருக்கும் வாடகை சர்வரைத்தான், சந்தேகப்பட்டேன். கூகுளின் வேகச் சோதனைக் கருவியான பேஜ்ஸ்பீட் இன்சைட்ஸில் சோதித்தால், முகப்பில் படங்கள் நகரும் ஸ்லைடரில் 4 எம்பிக்கு ஒரு வத்தக்குழம்புப் படம்! அந்த ஸ்லைடர் இருந்த 'தீம்' (தளத்தின் தோற்ற வடிவமைப்பு) முழுவதையும் தூக்கிவிட்டு, எடை குறைந்த 'ட்வென்டி ட்வென்டி-ஃபோர்' தீமுக்கு மாறினேன். படங்களை 1200 பிக்சல் அகலத்துக்குச் சுருக்கினேன்.

அப்புறம் பிளகின்கள், அதாவது தளத்தில் கூடுதல் வசதிக்காகச் சேர்க்கும் துணை மென்பொருள்கள். 31 இருந்தன, பாதி அணைத்துவைத்தவை. அணைத்தாலும் கோப்புகள் சர்வரிலேயே கிடக்கும், ஓட்டை இருந்தால் அந்த வழியாகவே ஆள் நுழையலாம். ஒவ்வொன்றாக நீக்கி 8-இல் நிறுத்தினேன். காசு கொடுத்து வாங்க வேண்டிய ப்ரோ பிளகின் ஒன்றை நண்பர் ஒருவர் 'இலவசமாக' தந்திருந்தார்; அதுவும் அதில் போனது. திருட்டுப் பிரதிக்குள் என்ன ஒளிந்திருக்குமோ, யார் கண்டது?

ஹோஸ்டிங்கிலும் ஒரு குறை இருக்கத்தான் செய்தது. வேர்ட்பிரஸ் இயங்கும் நிரல்மொழியான பிஎச்பியின் பழைய 7.4 பதிப்பு ஓடிக்கொண்டிருந்தது; அதற்கான பாதுகாப்புத் திருத்தங்கள் 2022 நவம்பரோடு நின்றுவிட்டன. பேக்கப் எடுத்துவிட்டு 8.3-க்கு மாற்றினேன். படிவங்களுக்கான பழைய ஃபார்ம் பிளகின் ஒன்று மட்டும் வேலை செய்யாமல் உடைந்தது. சரி, அதற்கு மாற்று கிடைத்தது. இப்போது அதே போனில் 2 விநாடிக்குள் புளியின் அளவு கண்ணில் படுகிறது.