பெயிண்ட் உரியும் பிளாஸ்டிக் வீரர்கள்: தின்னரில் போடுவதற்கு முன்

போன வாரம் மினியேச்சர் பக்கம், அதாவது சின்ன பிளாஸ்டிக் வீரர்களுக்குப் பெயிண்ட் அடிக்கும் பொழுதுபோக்குக்குப் புதிதாக வந்த ஒரு தம்பி போட்டோ அனுப்பியிருந்தான். பழைய பெயிண்டை எடுக்கத் தின்னர் ஊற்றிய கண்ணாடி ஜாடியின் அடியில் ஆறு குதிரைவீரர்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, முகமே இல்லாமல், வாளெல்லாம் சுருண்டு கிடந்தார்கள். "அண்ணா, இதைச் சரி பண்ண முடியுமா?" முடியாது. பதினைந்து வருடத்துக்கு முன் என் ஜாடியிலும் இதேதான் கிடந்தது. கையுறை போடுவது, ஜன்னலைத் திறந்து வைப்பது, பக்கத்தில் நெருப்பு இல்லாமல் பார்த்துக்கொள்வது எல்லாம் பாட்டிலிலேயே எழுதியிருக்கும், அதை விட்டுவிடுகிறேன்.

எந்தப் பிளாஸ்டிக் என்று பார்க்காமல் தின்னரை ஊற்றுவது

இந்தத் தவறு திரும்பத் திரும்ப நடப்பதற்கு ஒரு காரணம் இருக்கிறது, அதுதான் எனக்கு எரிச்சல். ஏர்ஃபிக்ஸ் என்ற பிரிட்டிஷ் மாடல் கம்பெனி 1959-ல் கொண்டுவரத் தொடங்கிய சின்ன வீரர்கள் இருக்கிறார்களே, வளைத்தால் வளையும் மெத்தென்ற பாலித்தீன், அவர்களை அசிட்டோனில் போட்டாலும் ஒன்றும் ஆகாது. நானும் அப்படி எட்டுப் பேரைப் போட்டேன், பெயிண்ட் தோல் உரிந்த மாதிரி வந்துவிட்டது, பிளாஸ்டிக்கில் ஒரு கீறல்கூட இல்லை. அந்தத் தைரியத்தில் அடுத்த நாள் பன்னிரண்டு கெட்டிப் பிளாஸ்டிக் வீரர்களை அதே ஜாடியில் போட்டுவிட்டு டீ குடிக்கப் போனேன். அவை பாலிஸ்டைரீன். வார்ஹாமர் என்ற மேஜை விளையாட்டின் வீரர்களில் பெரும்பாலானவர்களும், நாம் ஒட்டிச் செய்யும் விமான கிட்களும் அதே ஜாதிதான். அசிட்டோன் அதைக் கரைத்துவிடும். திரும்பி வந்தபோது பட்டன், மீசை, துப்பாக்கிப் பூட்டு எதுவும் இல்லை, அந்த செட்டோ அப்போதே கடைகளில் கிடைக்காமல் போயிருந்தது.

ஆக, "நான் போட்டேன், ஒன்றும் ஆகலையே" என்று சொல்பவர் பொய் சொல்லவில்லை, அவர் போட்டது வேறு பிளாஸ்டிக். அதைக் கேட்டுவிட்டு ஹார்டுவேர் கடைக்குப் போய் "தின்னர் கொடுங்க" என்றால் பெரும்பாலும் லாக்கர் என்ற பளபளப்புப் பூச்சுக்கான என்.சி. (நைட்ரோசெல்லுலோஸ்) தின்னரை எடுத்து வைப்பார்கள், அதுவும் பாலிஸ்டைரீனைத் தின்றுவிடும். நகப்பூச்சு அழிக்கும் திரவம் பலவற்றிலும் இருப்பது அசிட்டோன்தான்.

கண்டுபிடிப்பது கஷ்டமில்லை. வீரர்கள் ஒட்டியிருந்த சட்டத்தின் ஒரு துண்டு இருந்தால் ஒரு சொட்டு பாத்திர சோப்பு கலந்த தண்ணீரில் போடுங்கள். பாலித்தீன் மிதக்கும், பாலிஸ்டைரீன் மூழ்கும். துண்டு இல்லையென்றால் ஈட்டி முனையை மெல்ல வளைத்துப் பாருங்கள், ஆனால் பழைய ஏர்ஃபிக்ஸ் வீரர்கள் வயதாகி நொறுங்கும் பக்குவத்தில் இருப்பார்கள், அவர்களிடம் இந்தச் சோதனை வேண்டாம். எதுவாக இருந்தாலும், திரவத்தை முதலில் அடித்தட்டின் கீழ்ப்புறத்தில் தொட்டு வைத்து ஒரு மணி நேரம் காத்திருங்கள்.

அக்ரிலிக் பெயிண்டை உரிக்க நான் இப்போது ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தவிர வேறு எதுவும் எடுப்பதில்லை. சில மணி நேரம் ஊறவிட்டு, பழைய டூத்பிரஷால் தேய்த்து, மறுபடி ஊறவிட வேண்டும். மெதுவான வேலைதான். ஆனால் பாலிஸ்டைரீன் வீரனின் முகம் முகமாகவே இருக்கும். ஒட்டிய கை, தலை கழன்று வரலாம், அப்புறம் ஒட்டிக்கொள்ளலாம்.

டெட்டாலில் ஊறியதைத் தண்ணீரில் கழுவுவது

பெயிண்டை உரிக்க பிரிட்டனில் பலருக்கும் டெட்டால்தான் பழக்கம், நன்றாகவே வேலை செய்யும். ஆனால் ஊறிய பெயிண்டோடு தண்ணீரைக் காட்டினால் எல்லாம் பிசின் மாதிரி ஆகி இடுக்கில் போய் உட்கார்ந்துகொள்ளும். புது டெட்டாலில் தோய்த்தே தேய்த்து முடியுங்கள். பெயிண்ட் முழுக்கப் போன பிறகுதான் சோப்பும் தண்ணீரும்.

கத்தியால் சுரண்டுவது

வேண்டாம். மடிப்பில் கொஞ்சம் கறை நின்றால் நிற்கட்டும், பெயிண்டுக்கு முன் அடிக்கும் அடிப்பூச்சான பிரைமர் மூடிவிடும்.

ஏன் உரிந்தது என்று கேட்காமல் மறுபடி அடிப்பது

பாலித்தீன் மேற்பரப்பு மெழுகு மாதிரி, பெயிண்ட் பிடிக்கவே பிடிக்காது. கழுவி, காயவைத்து, பிரைமர் அடித்தாலும் துப்பாக்கி வளையும் இடத்தில் முதலில் விரிசல் விடும். பழைய ஆட்கள் நீர்த்த வெள்ளைப் பசையை முதலில் ஒரு பூச்சு கொடுப்பார்கள், பெயிண்டுக்கு மேலே இன்னொரு பூச்சு. அது காய்ந்தாலும் வளைந்து கொடுக்கும், வீரனைச் சுற்றி உறை மாதிரி பிடித்துக்கொள்ளும். எனாமல் பெயிண்ட் வேண்டாம், காலப்போக்கில் இறுகி, வளைத்த இடத்தில் செதிலாக உதிர்கிறது. கெட்டிப் பிளாஸ்டிக்கில் உரிந்திருந்தால் வார்ப்பு அச்சிலிருந்து ஒட்டி வந்த எண்ணெயைக் கழுவாமல் அடித்திருப்பீர்கள், அல்லது பிரைமரையே விட்டிருப்பீர்கள். இந்த முறை வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் கழுவி, ஒரு ராத்திரி காயவிட்டு, அப்புறம் பிரைமர்.

மழை நாளில் ஸ்ப்ரே பிரைமர்

மணல் தூவின மாதிரி வரும். வெயில் வரட்டும்.

முழுப் படையையும் ஒரே ஜாடியில்

முதலில் ஒருவன் போகட்டும். கையில் பிடித்து ஓவியம் போல் வரைந்த கொடி, யாரோ பரிசாகத் தந்தவன், இனி கிடைக்காத செட், இதெல்லாம் கடைசி ஜாடிக்கு. அந்தத் தம்பியிடம் இன்னும் பதினெட்டு பேர் மிச்சம் இருக்கிறார்கள், ஒரேயொரு வீரனை மட்டும் ஆல்கஹாலில் போட்டுவிட்டு நாளைக்குக் காலையில் போட்டோ அனுப்பு என்று சொல்லியிருக்கிறேன்.